கடைசிப் பத்தியில் மட்டும் சாதி: பால்புதுமையினர் கோரிக்கைப் பட்டியலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தன்பாலீர்ப்பினர், திருநர் உள்ளிட்ட பால்புதுமையினரின் குழுக்கள் வெளியிடும் கோரிக்கை அறிக்கைகள் பலவற்றில் கடைசிப் பத்தி ஒரே மாதிரி இருக்கும். சாதி, மதம், வர்க்கம், மாற்றுத்திறன் என எந்த அடிப்படையிலான ஒடுக்குமுறையையும் எதிர்க்கிறோம் என்று அது சொல்லும். எழுதியவர்கள் மனதாரத்தான் எழுதியிருப்பார்கள். ஆனால் அந்தப் பத்தியை அடித்துவிட்டுப் படித்தாலும் மேலே உள்ள பத்துக் கோரிக்கைகளில் ஒரு சொல்கூட மாறாது. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. முதல் கோரிக்கை யாருடைய வாழ்க்கையிலிருந்து வந்தது, அதை எழுதிய நாளில் அறையில் யார் யார் இருந்தார்கள் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை சொல்லிப் பார்த்தால் ஒரு பட்டியலின் அகலம் தெரிந்துவிடும்.

திருமணத்தைத் தலைப்பில் வைத்து மற்றதைப் பின்னிணைப்பாக்குவது

2018 செப்டம்பர் 6-இல் உச்ச நீதிமன்றம், தன்பாலீர்ப்பு உறவைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவின் பிடியைத் தளர்த்தியது. அடுத்த ஐந்தாண்டுகளில் தேசிய அளவிலான பேச்சு பெரும்பாலும் திருமண உரிமைக்கே போனது. 2023 அக்டோபர் 17-இல் நீதிமன்றம் அதை மறுத்தது. வழக்குப் போட்டதில் தவறில்லை, அந்த உரிமை வேண்டியதுதான். ஆனால் திருமணப் பதிவு அலுவலகம்வரை நடந்து போகக்கூடியவர் யார்? வீட்டை விட்டு வெளியேறி, கையில் ஆவணங்களும் தங்க ஓர் இடமும் உள்ளவர். பெற்றோர் செல்போனைப் பிடுங்கி அறையில் பூட்டி வைத்திருக்கும் 19 வயதுப் பெண்ணுக்கு முதலில் தேவைப்படுவது உயிரோடு வெளியே வரும் வழி.

அந்த வழி எங்கே அடைபடுகிறது என்று படிப்படியாகப் பாருங்கள். இரண்டு பெண்கள் ஊரை விட்டுப் போகிறார்கள். பெற்றோர் காவல் நிலையத்தில் ‘காணவில்லை’ என்று புகார் தருகிறார்கள். காவலர்கள் தேடிப் பிடித்து, ‘வீட்டுக்குப் போம்மா’ என்று அதே பெற்றோரிடம் ஒப்படைக்கிறார்கள். இப்படித் தேடப்பட்ட இருவர் பாதுகாப்புக் கேட்டுப் போனதிலிருந்து பிறந்ததுதான் சென்னை உயர் நீதிமன்றத்தின் சுஷ்மா வழக்கு. 2021 ஜூன் 7-இல் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் பிறப்பித்த உத்தரவு, இருவரும் வயது வந்தவர்கள், விருப்பப்பட்டே சேர்ந்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் வாக்குமூலம் வாங்கிக்கொண்டு, தொல்லை தராமல் புகாரை முடிக்கச் சொன்னது. 2022-இல் காவலர் நடத்தை விதிகளிலும் பால்புதுமையினரைத் துன்புறுத்தக் கூடாது என்ற விதி சேர்ந்தது. உங்கள் மாவட்டத்தின் எத்தனை நிலையங்களில் இந்த உத்தரவின் தமிழ் நகல் இருக்கிறது? அதை ஒவ்வொரு நிலையத்திலும் கேட்டு வாங்கிச் சுவரில் ஒட்டவைப்பது செலவில்லாத வேலை. திருமண உரிமைக்கு வெகு முன்பே பயன் தரும்.

இதே நிலையத்தில், இதே வகைப் புகாரால் மடக்கப்படும் இன்னொரு கூட்டம் உண்டு: சாதி மறுத்து மணக்கும் இணையர்கள். 2018-இல் சக்தி வாகினி வழக்கில் உச்ச நீதிமன்றம், இவர்களுக்காக மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவும் பாதுகாப்பு இல்லமும் வேண்டும் என்றது. ‘அந்தப் பிரிவும் இல்லமும் தன்பாலீர்ப்பு இணையருக்கும் திருநருக்கும் திறந்திருக்க வேண்டும்’ என்று எழுதினால் ஒரே வரியில் இரண்டு இயக்கங்கள் நிற்கும். 1954-ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டத்தின் 30 நாள் அறிவிப்பும் அப்படித்தான். அலுவலகப் பலகையில் ஒட்டப்படும் பெயரும் முகவரியும், இணையரைத் தேடி அலையும் உறவினருக்கு வழிகாட்டியாகிவிடுகின்றன. அந்த அறிவிப்பை நீக்கக் கோருவது சாதி மறுப்பு இணையருக்கு இன்றே பயன்படும், தன்பாலீர்ப்பு இணையருக்கு நாளை பயன்படும்.

ஒரு தீர்ப்பின் ஒரு பாதியை மட்டும் நினைவில் வைப்பதும் இந்தத் தவறின் இன்னொரு முகம். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, திருநங்கை ஒருவரின் திருமணம் இந்துத் திருமணச் சட்டப்படி செல்லும் என்றது. அதே தீர்ப்பு, ஆண், பெண் என்ற இரண்டிலும் அடங்காத உடற்கூறோடு பிறக்கும் இடைப்பாலினக் குழந்தைகளை ‘சரிசெய்யும்’ அறுவை சிகிச்சைக்குத் தடை போடவும் சொன்னது. அந்த ஆண்டே தமிழ்நாடு அரசு, உயிருக்கு ஆபத்தான நிலை தவிர மற்ற நேரங்களில் அது கூடாது என்று ஆணையிட்டது. ஆணை எந்த அளவுக்கு நடைமுறையாகிறது என்று கண்காணிக்கும் கோரிக்கையை எத்தனை பட்டியல்களில் பார்க்க முடிகிறது?

சாதியை உணர்வாக மட்டும் பேசுவது

2015-இல் மும்பை நாளிதழ் ஒன்றில் ஒரு தாய் தன் மகனுக்கு மணமகன் தேடி விளம்பரம் கொடுத்தார். நாடே வியந்து பேசியது. சாதி தடையில்லை, ஆனாலும் ஐயர் என்றால் நல்லது என்று அதில் இருந்ததை முதலில் சுட்டிக்காட்டியவர்களில் தலித் பால்புதுமையினர் முக்கியமானவர்கள். அவர்கள் கேட்ட கேள்வியை ‘இப்போது எதற்கு இது’ என்று தள்ளியவர்கள் நம் பக்கத்திலேயே இருந்தார்கள்.

சாதியைத் துல்லியமாகப் பேச வேண்டிய இடம் இடஒதுக்கீடு. 2014 ஏப்ரல் 15-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தந்த நால்சா தீர்ப்பு, திருநரைச் சமூக ரீதியாகவும் கல்வி ரீதியாகவும் பின்தங்கியவர்களாகக் கருதி ஒதுக்கீடு தரச் சொன்னது. தமிழ்நாடு அவர்களை மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்த்தது. நல்ல செய்தி என்று வரவேற்று அறிக்கை விடுவது எளிது. ஆனால் பட்டியல் சாதியில் பிறந்த திருநங்கை ஒருவரின் நிலையைப் பாருங்கள். திருநர் என்ற தகுதியைக் கோரினால் பிறப்பால் வந்த ஒதுக்கீட்டை விட வேண்டும். பிறப்பால் வந்ததை வைத்துக்கொண்டால் திருநர் என்பதற்கு எதுவும் கிடைக்காது. சாதியும் பாலினமும் ஒரே உடலில் இருக்கும்போது ஒன்றைத் தேர்ந்தெடு என்பது நியாயமே அல்ல. கிரேஸ் பானு உள்ளிட்ட தலித் திருநர் செயற்பாட்டாளர்கள் ஒவ்வொரு சாதிப் பிரிவுக்குள்ளும் திருநருக்குத் தனிப் பங்கு தரும் கிடைமட்ட ஒதுக்கீடு கேட்டு ஆண்டுக்கணக்கில் போராடி வருவது இதனால்தான்.

கணக்கைக் கூட்டத்தில் கரும்பலகையில் எழுதிக் காட்டுங்கள். தமிழ்நாட்டின் 69 விழுக்காட்டு முறையில் 1,000 பணியிடங்கள் என்றால் பொதுப்பிரிவு 310, பிற்படுத்தப்பட்டோர் 300, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் 200, பட்டியல் சாதி 180, பழங்குடி 10. பெண்களுக்கான 30 விழுக்காடு எப்படி இந்த ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் ஓடுகிறதோ, அப்படியே திருநருக்கு 1 விழுக்காடு ஓடினால் அதுதான் கிடைமட்டம். பொதுப்பிரிவில் 3.1, அடுத்தவற்றில் 3, 2, 1.8, 0.1 என்று வரும். கர்நாடகம் 2021-இல் இப்படி 1 விழுக்காடு கொடுத்தது. 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றமும் இதையே வலியுறுத்தியது.

அந்தப் பின்னங்களைக் கவனித்தீர்களா? ‘1 விழுக்காடு வேண்டும்’ என்று மட்டும் கேட்டால் 40 பேரை எடுக்கும் தேர்வில் அது 0.4 ஆகி, முழுமைப்படுத்தும்போது பூஜ்யமாகிவிடும். எனவே கோரிக்கையில் மூன்று உறுப்புகள் வேண்டும்: கிடைமட்டம் என்ற சொல், ஒவ்வொரு தேர்விலும் மிஞ்சும் பின்னத்தை அடுத்த தேர்வுக்குக் கொண்டுபோகும் சுழற்சிப் பதிவேடு, ஆள் கிடைக்காத இடத்தைப் பொதுவில் கரைக்காமல் முன்னெடுத்துச் செல்லும் விதி. இவற்றில் ஒன்று விடுபட்டாலும் ஒதுக்கீடு காகிதத்தோடு நின்றுவிடலாம்.

பணம் போட்ட கோட்டிலேயே நடப்பது

இந்தியாவில் பல குழுக்களுக்கு முதல் அலுவலகமும் முதல் சம்பளமும் எச்.ஐ.வி. தடுப்புத் திட்டங்களிலிருந்து வந்தன. ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்களும் திருநங்கைகளும் அத்திட்டங்களின் இலக்குக் குழுக்கள். அந்தப் பணி பல உயிர்களைக் காத்தது. ஆனால் தன்பாலீர்ப்புப் பெண்களும், பிறப்பில் பெண்ணெனக் குறிக்கப்பட்டு ஆணாக வாழும் திருநம்பிகளும் அந்த வரையறைக்குள் வரவில்லை. அவர்களுக்கு அலுவலகம் இல்லை, மாவட்டத்தில் ஊழியர் இல்லை. அறிக்கை எழுதக் கூப்பிடும் நாளில் ‘அவர்கள் தரப்பில் யாரும் வரவில்லை’ என்று சொல்லப்படுவதன் பின்னணி இதுதான். அழைப்பிதழ் அனுப்புவதோடு நிறுத்திக்கொண்டால் இது மாறாது. கூட்டச் செலவில் மூன்றில் ஒரு பங்கையாவது அலுவலகம் இல்லாதவர்களின் பயணத்துக்கும் தங்கலுக்கும் முதலிலேயே ஒதுக்கி வையுங்கள்.

‘நாங்கள் பிச்சை எடுப்பவர்கள் அல்ல’ என்று எழுதுவது

காவல் உதவி ஆய்வாளரானவர், பொறியியல் படித்தவர், மருத்துவரானவர் என்று முன்னோடிகளைக் கொண்டாட வேண்டும். அவர்கள் சாதனை உண்மையானது. ஆனால் அவர்களை முன்னிறுத்தி, கடைகடையாகப் போய்க் காசு கேட்பவர்களையும் பாலியல் தொழில் செய்பவர்களையும் மறைக்கும் அறிக்கை, அரசுக்கு ஒரு கத்தியைக் கொடுக்கிறது. 2016-இலும் 2018-இலும் வந்த திருநர் மசோதாக்களில், திருநரைப் பிச்சையில் ஈடுபடுத்துவதைக் குற்றமாக்கும் பிரிவு இருந்தது. வேலை தராமல், ஜமாத் என்ற பெயரில் குடும்பம்போலச் சேர்ந்து வாழும் திருநங்கைகளையே சிறைக்கு அனுப்பக்கூடிய பிரிவு அது. தெருவில் இறங்கியவர்களின் எதிர்ப்பால் 2019 சட்டத்தில் அது இல்லை.

இதற்கு வேர் நீளம். 1871-ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டத்தின் ஒரு பகுதி ‘குற்றச் சமூகங்கள்’ பற்றியது, இன்னொரு பகுதி ‘அலிகள்’ என்று அன்று அழைக்கப்பட்டவர்களைப் பதிவேட்டில் ஏற்றுவது பற்றியது. குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் வந்து, 1920-இல் அதை எதிர்த்த மக்கள் மீது நடந்த பெருங்காமநல்லூர் துப்பாக்கிச் சூடு வரை போனதை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அன்று ‘குற்றச் சமூகங்கள்’ என்று முத்திரை குத்தப்பட்ட சீர்மரபினரின் அமைப்புகளோடு பேச இதைவிட நல்ல தொடக்கம் இல்லை.

தண்டனையைக் கூட்டக் கேட்பதற்கு முன் இருக்கும் ஓட்டையை அளந்து பாருங்கள். பெண்ணுக்கு எதிரான வல்லுறவுக்குக் குறைந்தது 10 ஆண்டுகள். திருநருக்கு எதிரான பாலியல் வன்முறைக்கு 2019 சட்டம் வைத்தது 6 மாதம் முதல் 2 ஆண்டுகள். இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், சம்மதமில்லாத உறவைத் தண்டிக்க அதுவரை எஞ்சியிருந்த 377-க்கு இணையான பிரிவே இல்லை. ஆகவே வயது வந்த ஆணோ திருநரோ வல்லுறவுக்கு ஆளானால், பெண்ணுக்கு மட்டுமே உரிய வல்லுறவுப் பிரிவிலும் வழக்குப் பதிய இடமில்லை, பழைய 377-இலும் இடமில்லை. இந்த வரியைப் பெண்கள் அமைப்புகளோடு உட்கார்ந்துதான் எழுத வேண்டும். பெண்களுக்கான பிரிவை நீர்த்துப்போகச் செய்யாமல் தனிப் பிரிவு கேட்பதே அவர்களோடு ஒத்துப்போகும் வழி.

கூட்டம் நடத்தும் விதத்தில் ஆட்களை இழப்பது

மாலை 6 மணிக்குச் சென்னையில் கூட்டம் வைத்தால், பெற்றோருடன் வாழும் பெண்ணும் திருநம்பியும் வர முடியாது. காலை 10 முதல் மதியம் 2 வரை, பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், படியேறத் தேவையில்லாத தரைத்தள அறையில் வையுங்கள். அன்றைய கூலியை இழந்து வருபவருக்குப் பயணச் செலவோடு நாள்கூலியும் கொடுங்கள். ரசீது கேட்டு அலைக்கழிக்க வேண்டாம்.

வாட்ஸ்அப் குழு பெரிய ஆபத்து. அதில் ஒவ்வொருவரின் எண்ணும் எல்லோருக்கும் தெரியும். வீட்டார் ஒரு போனைப் பிடுங்கினால் குழு முழுவதும் வெளிப்படும். தகவலைத் தனித்தனியாக அனுப்புங்கள், குழு தவிர்க்க முடியாதென்றால் அதன் பெயரில் வானவில்லோ அமைப்பின் பெயரோ வேண்டாம். வருகைப் பதிவேட்டில் சட்டப் பெயரைக் கேட்காதீர்கள். படம் எடுப்பதென்றால் சம்மதித்தவர்களை மட்டும் ஒரு பக்கமாக நிற்கவைத்து, கடைசி 10 நிமிடத்தில் எடுங்கள். கூட்ட மொழி தமிழாக இருக்கட்டும். வரைவு ஆங்கிலத்தில் எழுதப்பட்டுப் பிறகு தமிழாக்கப்பட்டால், திருத்தம் சொல்லும் உரிமை ஆங்கிலம் படித்தவர்களிடமே தங்கிவிடும்.

ஆதரவு கேட்க மட்டும் போவது

வேறு இயக்கத்தின் போராட்டத்துக்கு ஒருமுறைகூடப் போகாமல், ஜூன் மாதப் பால்புதுமையினர் பேரணிக்கு ஆதரவுக் கடிதம் கேட்டால் கடிதம் கிடைக்கும், ஆள் வராது. பிரிட்டனில் 1984-85 சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது லண்டனின் தன்பாலீர்ப்பாளர் குழு ஒன்று உண்டியல் குலுக்கி வேல்ஸ் சுரங்கக் குடும்பங்களுக்குப் பணம் அனுப்பியது. 1985-இல் லண்டனில் நடந்த தன்பாலீர்ப்பாளர் பேரணிக்குச் சுரங்கத் தொழிலாளர்கள் பதாகையோடு வந்தார்கள். அந்த ஆண்டுத் தொழிற்கட்சி மாநாட்டில் தன்பாலீர்ப்பாளர் உரிமைத் தீர்மானம் நிறைவேற அவர்கள் சங்கத்தின் வாக்குகள் துணை நின்றன. முதலில் போனது பணம், அதன் பிறகே வந்தது வாக்கு.

பேச்சுவார்த்தை நாளில் கைவிடுவது

எல்லாக் கோரிக்கையையும் அரசு ஒரே நாளில் ஏற்காது. அடையாள அட்டை தருகிறோம், ஒதுக்கீட்டைப் பிறகு பார்க்கலாம் என்பார்கள். அந்த நேரத்தில், உள்ளே இல்லாதவரின் கோரிக்கையே முதலில் கழன்றுவிழும். அதனால் போவதற்கு முன்பே, எந்த மூன்றை விட்டுக்கொடுக்க முடியாது என்று எழுதி எல்லோரும் கையொப்பமிடுங்கள். ஐந்து பேர் போகிறார்கள் என்றால் அந்த மூன்றும் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களில் மூவர் இருக்க வேண்டும். அவர்களில் ஒருவர் ஆட்சேபித்துக் கைதூக்கினாலும், பதில் சொல்ல அரசிடம் 24 மணி நேரம் கேட்டு வாங்குங்கள். அதற்குள் வெளியே இருப்பவர்களிடம் தொலைபேசியில் கேட்டுவிட்டுத் திரும்புங்கள்.