அம்மாவின் போனில் தமிழ் பேசும் உதவியாளர்

காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்பில் இருக்கும் அம்மாவுக்குக் கண்ணாடி இல்லாமல் போனில் எழுத்து தெரியாது. போன வாரம் அவர் போனில், நாம் பேசிச் சொல்வதைக் கேட்டுச் செய்யும் குரல் உதவியாளரைச் சரிசெய்து கொடுத்தேன். பத்து நிமிட வேலைதான்.

ஆண்ட்ராய்டு போன் என்றால் கூகுளின் உதவியாளர்களான அசிஸ்டன்ட், ஜெமினி இரண்டுமே தமிழ் புரிந்துகொள்ளும். போன் போடவும் அலாரம் வைக்கவும், உங்கள் போனில் அசிஸ்டன்ட் இன்னும் இருந்தால் அதுவே போதும். கேள்வி கேட்டு விளக்கமாகப் பதில் வேண்டுமென்றால் ஜெமினி. செட்டிங்ஸில் ஆப்ஸ், டீஃபால்ட் ஆப்ஸ், டிஜிட்டல் அசிஸ்டன்ட் என்று போய் கூகுளின் உதவியாளரைத் தேர்ந்தெடுங்கள். அப்புறம் மொழியைத் தமிழாக மாற்றுங்கள். நம் கிருஷ்ணகிரிப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுபவர்கள் அந்த மொழியையே தேர்ந்தெடுக்கலாம்.

பலர் தடுமாறுவது பெயரில்தான். அம்மா "சின்னக்காவுக்குப் போன் போடு" என்றார், அது யாரையும் கண்டுபிடிக்கவில்லை. பார்த்தால் அந்த எண் ஆங்கிலத்தில் ஏதோ சுருக்கப் பெயரில் சேமிக்கப்பட்டிருந்தது. அம்மா கூப்பிடுகிறபடியே 'சின்னக்கா' என்று தமிழில் மாற்றினேன். அடுத்த முறை உடனே மணி அடித்தது. அடிக்கடி பேசும் பத்துப் பெயரையாவது இப்படி மாற்றிவிடுங்கள்.

உதவியாளர் குரலை அடையாளம் காணக் கேட்கும் குரல் பதிவை, போனைப் பயன்படுத்தும் பெரியவர்களே பேசிப் பதியட்டும், நீங்கள் பேசிவிடாதீர்கள். பூட்டிய திரையில் சொந்தத் தகவல் காட்டும் வசதியை மட்டும் கட்டாயம் அணைத்துவிடுங்கள். தோட்டத்தில் சிக்னல் விட்டு விட்டு வந்தால் பாதிக் கேள்விக்குப் பதில் வராது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.