தொலைக்காட்சிப் பதிவிலிருந்து தெளிவான நிழற்படம் எடுப்பது எப்படி?

தைப்பூசம் முடிந்த மறுநாள் பினாங்கில் எங்களைப் போன்ற வீடுகளில் ஒரு வேண்டுகோள் எழும். நேரலையைப் பதிவு செய்து வைத்திருப்பார்கள். முருகன் கோயில் உள்ள தண்ணீர்மலைக்குச் செல்லும் வழியில் வெள்ளி இரதத்தின் அருகே அத்தையோ, தண்ணீர்ப் பந்தலில் மோர் ஊற்றும் மாமாவோ மூன்று விநாடி தென்பட்டிருப்பார்கள். அந்த மூன்று விநாடியைப் படமாக்கித் தரும்படி, கணினி தெரிந்த பிள்ளையிடம் கேட்பார்கள். எங்கள் வீட்டில் அந்தப் பிள்ளை நான். முதன்முறை கேட்டபோது, பதிவை நிறுத்தி வைத்துத் தொலைக்காட்சித் திரையையே கைப்பேசியால் படம் பிடித்து அனுப்பிவிட்டேன். அத்தையின் முகத்தில் வானவில் நிறத்தில் கோடுகள் நெளிந்தன. நெற்றியில் இருப்பது திருநீறா, கண்ணாடியில் பட்ட விளக்கொளியா என்று அவராலேயே சொல்ல முடியவில்லை. திரையின் புள்ளி வரிசையும் கேமராவின் புள்ளி வரிசையும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து பொருந்தாமல் போவதால்தான் அந்த நெளிவு உண்டாகிறது. எனவே திரையைப் படம் பிடிக்கும் எண்ணத்தை முதலிலேயே விட்டுவிடுங்கள். நமக்கு வேண்டியது பதிவான கோப்புதான்.

கோப்பைக் கணினிக்குக் கொண்டு வருதல்

மலேசியாவில் 2019-ஆம் ஆண்டில் அனலாக் ஒளிபரப்பு நிறுத்தப்பட்ட பின்னர், ஆன்டெனாவில் பார்ப்பவர்கள் எல்லாரும் டிஜிட்டல் ஒளிபரப்பையே பார்க்கிறோம். டிகோடர் பெட்டிகள் பலவற்றில் பென்டிரைவைச் செருகி நிகழ்ச்சியைப் பதிவு செய்யலாம். அவ்வாறு பதிவானது பெரும்பாலும் ‘டிஎஸ்’ என்று முடியும் கோப்பாக இருக்கும். அதை அப்படியே கணினிக்கு நகல் எடுத்துக்கொண்டால் போதும். வேறு வடிவத்துக்கு மாற்ற வேண்டாம், ஏனெனில் ஒவ்வொரு மாற்றத்திலும் தெளிவு சிறிது கரையும். தொலைக்காட்சிப் பெட்டியிலேயே நேரடியாகப் பதிவு செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சில பெட்டிகள் தம் பதிவைப் பூட்டி வைப்பதால், அது வேறு எந்தக் கருவியிலும் ஓடாது. ஐந்து நிமிடம் சோதனையாகப் பதிவு செய்து, கணினியில் திறக்கிறதா என்று திருவிழாவுக்கு முன்பே பார்த்துக்கொள்வது நல்லது.

சீப்புப் பற்களை நீக்குதல்

புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் இதுவே என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். நம் நாட்டின் பழைய தொலைக்காட்சி முறையான ‘பால்’ (PAL), ஒரு விநாடிக்கு 25 முழுப் படங்களைக் காட்டும். ஆனால் ஒவ்வொரு முழுப் படமும் இரண்டு அரைப் படங்களாகப் பிரிந்தே வரும்: ஒன்றில் ஒற்றைப்படை வரிகள், மற்றதில் இரட்டைப்படை வரிகள். அதாவது விநாடிக்கு 50 அரைப் படங்கள். 1080 வரிகள் கொண்ட எச்டி ஒளிபரப்பிலும் இந்த ‘இன்டர்லேஸ்’ முறை பரவலாகத் தொடர்கிறது. இரண்டு அரைப் படங்களும் ஒரே கணத்தில் எடுக்கப்பட்டவை அல்ல. அவற்றுக்கிடையே ஒரு விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரம் கழிந்திருக்கும். டத்தோ கெராமட் சாலையில் தேங்காய் உடைப்பவரின் கை அதற்குள் நகர்ந்துவிடும். படத்தை நிறுத்தினால் கோபுரமும் கடைப் பலகையும் தெளிவாக நிற்க, அவருடைய கை மட்டும் சீப்பின் பற்களைப் போல வரிவரியாகக் கிழிந்திருப்பது இதனால்தான். பதிவு கெட்டுவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள்.

இதைச் சரிசெய்ய இலவச மென்பொருளான விஎல்சி போதும். பதிவை அதில் திறந்து, ‘வீடியோ’ பட்டியலில் ‘டீஇன்டர்லேஸ்’ என்பதை ‘ஆன்’ ஆக்குங்கள். அதன் கீழே உள்ள முறைகளில் ‘யாடிஃப்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். ‘பிளெண்ட்’ முறை இரண்டு அரைப் படங்களையும் கலந்துவிடுவதால், நகரும் கைக்குப் பக்கத்தில் ஆவி போல இன்னொரு கை தெரியும். ‘டிஸ்கார்ட்’ முறை ஓர் அரைப் படத்தை எறிந்துவிடுவதால் பாதி வரிகள் போய்விடும். யாடிஃப், அசையாத பகுதிகளில் எல்லா வரிகளையும் காத்துக்கொண்டு, அசையும் பகுதிகளில் மட்டும் விடுபட்ட வரிகளை ஊகித்து நிரப்புகிறது. ‘யாடிஃப் 2எக்ஸ்’ ஒவ்வோர் அரைப் படத்தையும் ஒரு முழுப் படமாக்கி விநாடிக்கு 50 தருவதால், தேர்ந்தெடுக்க இருமடங்கு படங்கள் கிடைக்கும். வேகமான காட்சிக்கு நான் இதையே விரும்புகிறேன்.

கணத்தைத் தேடுதல்

வேண்டிய இடத்துக்கு ஓரிரு விநாடி முன்பே ஸ்பேஸ் விசையால் நிறுத்துங்கள். பிறகு ‘ஈ’ (E) விசையை ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் பதிவு ஒவ்வொரு படமாக முன்னே நகரும். பின்னே செல்வது அவ்வளவு எளிதன்று; கடந்து போய்விட்டால், ஷிஃப்ட் விசையுடன் இடப்பக்க அம்புக்குறியை அழுத்தி மூன்று விநாடி பின்வாங்கி, மறுபடி தொடங்குங்கள்.

எந்தப் படத்தில் நிறுத்துவது? ஊஞ்சல் உச்சியைத் தொட்டதும் ஒரு கணம் நின்று திரும்புவதைப் போல, மனித அசைவு எல்லாவற்றிலும் அப்படியொரு கணம் உண்டு. தேங்காயை ஓங்கிய கை தலைக்கு மேல் நிற்கும் கணம், தீபாராதனைத் தட்டு வட்டத்தின் ஓரத்தில் திரும்பும் கணம், பேசுபவர் மூச்சு வாங்கும் கணம் ஆகியவற்றில் நிறுத்தினால் மங்கல் குறையும். கேமராவே அசைந்துகொண்டிருந்தால், அது நின்ற பிறகு தேடுங்கள். இரவில் இரதம் வரும் காட்சிகள் காலையில் காவடி வரும் காட்சிகளைப் போலத் தெளிவாக இருக்க மாட்டா. வெளிச்சம் குறைந்த இடத்தில் கேமரா நீண்ட நேரம் ஒளியை வாங்க வேண்டியிருப்பதால் அசைவு இழுபடும், மணல் தூவியது போன்ற புள்ளிகளும் கூடும்.

படம் தெளிவிழக்க இன்னொரு காரணமும் உண்டு. இடத்தை மிச்சப்படுத்துவதற்காக ஒளிபரப்பில் சில படங்கள் மட்டுமே முழுமையாக அனுப்பப்படுகின்றன. மற்றவை, பக்கத்துப் படத்திலிருந்து என்ன மாறியது என்ற குறிப்பை மட்டும் சுமந்து வருகின்றன. காட்சி சட்டென்று மாறும்போதும், பூக்களும் புகையும் கூட்டமும் திரையை நிறைக்கும்போதும் இந்தச் சிக்கனம் தாளாமல் படம் சிறு சிறு கட்டங்களாக உடையும். ஆகவே காட்சி மாறியவுடன் வரும் முதல் சில படங்களைத் தவிர்த்துவிடுங்கள்.

சேமித்தல்

முதலில் விஎல்சியின் விருப்பத் தேர்வுகளில் வீடியோ பகுதிக்குச் சென்று, படத்தின் வடிவம் ‘பிஎன்ஜி’ என்றிருப்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். ‘ஜேபெக்’ வடிவம் மேலும் ஒருமுறை சுருக்கும். விண்டோஸ் கணினியில் ஷிஃப்ட் விசையுடன் ‘எஸ்’ விசையை அழுத்தினால் படம் சேமிக்கப்படும். ஒன்றோடு நின்றுவிடாமல் அடுத்தடுத்து எட்டுப் பத்துப் படங்களைச் சேமித்து, பெரிய திரையில் கண்களைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். முகத்தில் கண் தெளிவாக இருந்தால் மற்றக் குறைகளை யாரும் கவனிப்பதில்லை.

பழைய கேசட்டுகள்

விஎச்எஸ் நாடா வைத்திருப்பவர்களுக்குத் தனியாகச் சில சொற்கள். பினாங்கின் ஈரக்காற்றில் நாடாச் சுருளின் ஓரத்தில் வெண்ணிறப் பூஞ்சை படர்ந்திருந்தால் அதை ஓட்டாதீர்கள். ஓட்டுக்கருவியின் காந்தத் தலையும் பாழாகும். நல்ல நாடாவை, யுஎஸ்பி பதிவுக் கருவியின் வழியே 720×576 அளவில் கணினியில் ஓடவிட்டுப் பதிவு செய்து, பின்னர் அந்தக் கோப்பில் தேடுங்கள். நாடாவையே நிறுத்தி வைத்துப் படம் எடுத்தால் குறுக்கே இரைச்சல் பட்டை விழும்.

கேமரா அசையாத காட்சியாக இருந்தால் ஒரு நல்ல வழி உண்டு. அடுத்தடுத்த நான்கு படங்களை கிம்ப் என்னும் இலவசப் படத் திருத்த மென்பொருளில் அடுக்குகளாகத் திறந்து, கீழிருந்து மேலாக அடர்த்தியை (Opacity) 100, 50, 33, 25 விழுக்காடு என வையுங்கள். நான்கின் சராசரி கிடைக்கும். நாடாவின் புள்ளி இரைச்சல் ஏறத்தாழப் பாதியாகக் குறையும். பிறகு, அடியில் கிழிந்து தெரியும் சில வரிகளை வெட்டிவிடுங்கள். பழைய சதுரத் திரை நிகழ்ச்சி 720×576 அளவிலேயே சேமிக்கப்பட்டிருந்தால், வெட்டுவதற்கு முன்பே அதை 768×576 ஆக விரித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் முகங்கள் சற்று ஒடுங்கித் தெரியும்.

கூர்மையும் அச்சும்

கூர்மையாக்கும் கருவியைக் கடைசியில், மிகக் குறைவாகப் பயன்படுத்துங்கள். விளிம்புகளில் வெள்ளைக் கோடு தோன்றினால் அளவு மீறிவிட்டது என்று பொருள். செயற்கை நுண்ணறிவால் பெரிதாக்கும் செயலிகளைக் குடும்பப் படங்களுக்கு நான் பயன்படுத்துவதில்லை. அவை இல்லாத கண்ணிமைகளை வரைந்து, அத்தையை அவருடைய சாயல் கொண்ட வேறொருவராக மாற்றிவிடுகின்றன. ஒளிபரப்பின் உரிமை நிலையத்துக்கு உரியது என்பதால், வீட்டு ஆல்பத்துக்கு அப்பால் வெளியிட நினைப்பவர்கள் நிலையத்திடம் அனுமதி கேட்க வேண்டும்.

1920×1080 படம், படக்கடைகளில் 4ஆர் என்று சொல்லும் 6×4 அங்குல அச்சுக்குத் தாராளமாகப் போதும். ஆனால் அகலத்திரைப் படத்தின் இரு ஓரங்களையும் இயந்திரம் வெட்டிவிடும். ஓரத்தில் நிற்பவர் வேண்டுமென்றால், வெள்ளை விளிம்பு வைத்து முழுப் படத்தையும் அச்சிடச் சொல்லுங்கள். கேசட்டிலிருந்து எடுத்ததை அதில் பாதி அளவுக்கு மேல் அச்சிட வேண்டாம். வாட்ஸ்அப்பில் அனுப்புவதாக இருந்தால் படமாக அனுப்பாமல் ஆவணமாக இணைத்து அனுப்புங்கள். இல்லையேல் இவ்வளவு நேரம் காத்த புள்ளிகளை அது ஒரே நொடியில் சுருக்கிவிடும்.