வயல் நண்டைத் தொட்டியில் வளர்த்துக் குஞ்சு பெறுதல்

யாழ்ப்பாணத்தில் நண்டு என்றவுடன் கடல் நண்டே நினைவுக்கு வரும். ஆயினும் மாரியில் வயல்கள் நிரம்பியதும் வரப்பு வளைகளிலிருந்து வெளிவரும் வயல் நண்டுதான் வீட்டுத் தொட்டிக்கு ஏற்றது. அது பிறப்பு முதல் இறப்பு வரை நன்னீரிலேயே வாழ்கிறது. கடைகளில் நன்னீர் நண்டென்று விற்கப்படும் சிவப்புக் கொடுக்கு நண்டு உவர் களப்புக்குரியது. அதன் குஞ்சுகள் உப்புநீரின்றிப் பிழைப்பதில்லை.

மருந்தடித்த வயலில் நண்டு பிடிக்க வேண்டாம். மலைநாட்டு ஓடைகளிலிருந்தும் எடுக்க வேண்டாம்; இலங்கையின் ஏறத்தாழ 50 நன்னீர் நண்டினங்களில் மிகப் பெரும்பாலானவை வேறெங்கும் இல்லாதவை, அவற்றுட் பல அழிவின் விளிம்பில் உள்ளன. வயிற்று மடல் ஒடுங்கிய முக்கோணமாக இருந்தால் ஆண், அகன்று வட்டமாக இருந்தால் பெண். 60 சென்ரிமீற்றர் நீளத் தொட்டிக்கு ஓர் ஆணும் இரண்டு பெண்களும் போதும். இரண்டு ஆண்களை ஒன்றாக விட்டால் கொடுக்கு முறியும்வரை சண்டையிடும்.

தொட்டியின் மூன்றிலொரு பகுதியை மணலால் உயர்த்தித் தரையாக்கி, மீதியில் ஒரு சாண் உயரத்துக்கும் குறைவாக நீர் விடுங்கள். ஒவ்வொரு நண்டுக்கும் கவிழ்த்த சிரட்டையோ ஓட்டுத்துண்டோ தனித்தனியே வேண்டும். மூடி இறுக்கமாக இருக்கட்டும். காற்றுக்குழாய் வழியாகவும் அவை ஏறிவிடும். நமது கிணற்று நீர் சுண்ணாம்புக்கல்லில் ஊறி வருவதால் கோது உறுதிப்பட அது நல்லதே. ஆனால் வெங்காயத் தோட்டத்தை அடுத்த கிணறுகளில் உரத்தின் நைத்திரேற்று மிகுந்திருக்கலாம். கரையோரக் கிணறுகளோ கோடையில் உவர்த்துவிடும். குழாய்நீராயின் ஒரு நாள் திறந்துவைத்துக் குளோரீன் நீங்கியபின் ஊற்றுங்கள். செம்பு கலந்த மீன் மருந்து ஒரு துளியும் ஆகாது.

கோது கழற்றும் நாட்களே ஆபத்தானவை. முதல் முறை அசைவற்றுக் கிடந்த உருவத்தைக் கண்டு, நண்டு இறந்துவிட்டதென்று நான் அதை வெளியே எறிந்துவிட்டேன். மறுநாள் சிரட்டையின் கீழ் அதே நண்டு, விரல் பட்டால் அமுங்கும் மென்மையோடு ஒடுங்கியிருந்தது. நான் எறிந்தது பின்புறம் பிளந்த வெறுங்கோது. அந்த நண்டு தின்று சுண்ணாம்பை மீட்டுக்கொள்ள வேண்டிய உணவு அது. ஆகவே கோதை எடுக்காதீர்கள், மென்னண்டைத் தொடாதீர்கள், சில நாட்களுக்கு மற்ற நண்டுகளை வேறு பாத்திரத்தில் விடுங்கள். முட்டைக்கோதுத் தூள், அவித்த கரட், கீரை, சிறு மீன்துண்டு ஆகியவற்றை மாலையில் கொடுத்து, மிச்சத்தைக் காலையில் அகற்றுங்கள்.

சினைப்பட்ட பெண்ணின் மடல் விம்மி, அதன் ஓரத்தில் செம்மஞ்சள் முட்டைகள் தெரியும். கடல் நண்டு இலட்சக்கணக்கில் நுண்முட்டையிட, இதுவோ எண்ணிக்கையில் குறைந்த, பெரிய முட்டைகளையே இடும். உள்ளேயே உருமாற்றம் முடிந்து, எட்டுக் காலும் இரு கொடுக்கும் உடைய முழு நண்டாகவே குஞ்சு வெளிவரும். தாயைத் தனித் தொட்டிக்கு மெதுவாக மாற்றி, இருட்டில் அமைதியாக விடுங்கள். அலைக்கழிக்கப்பட்ட தாய் முட்டைகளை உதிர்த்துவிடக்கூடும். பொரித்த பின்னும் சில நாட்கள் மிளகினும் சிறிய குஞ்சுகள் மடலுக்குள்ளேயே மொய்த்திருக்கும். அவை தாமாக இறங்கி, ஊறிய நாட்டு வாதுமைச் சருகின் கீழ் பரவிய பின்னரே தாயைப் பழைய தொட்டிக்குக் கொண்டுசெல்லுங்கள். ஒன்றையொன்று தின்னாதிருக்கச் சருகும் பாசியும் அடர்த்தியாக இருக்க வேண்டும்; வளர வளர, பெரியவற்றைப் பிரித்துவிடுங்கள்.