சுட்ட துணியைப் பொறுக்கிப் பாருங்கள்: மஸில்லோடர் பேட்ச் கோளாறுகள்

இலக்கு அட்டையில் குண்டுகள் இங்கொன்றும் அங்கொன்றுமாக விழுந்தால், புதிதாக மஸில்லோடர், அதாவது குழல்வாய் வழியே வெடிமருந்து கெட்டிக்கும் துப்பாக்கி, பிடிப்பவர்கள் முதலில் கை வைப்பது குழல்மேல் குறிபார்க்க இருக்கும் குறிமுள்ளில்தான். நானும் ஒரு காலை முழுக்க அதைத் தட்டித் தட்டி நகர்த்தினேன். கோளாறோ எனக்குச் சில கெஜம் முன்னால் புல்லில் கருகிக் கிடந்தது.

உள்ளே சுருள் சுருளாக வரிகள் வெட்டிய மஸில்லோடர் குழலில் உருண்டைக் குண்டு குழலைவிடக் கொஞ்சம் சிறியது. 0.50 அங்குலக் குழல் என்றால் வழக்கமாக 0.490 அங்குலக் குண்டு, அதைச் சுற்றி எண்ணெய்ப் பசை தடவிய 0.015 அங்குலத் துணி; இதைத்தான் பேட்ச் என்பார்கள். அந்தத் துணிதான் இடைவெளியை அடைத்து, புகையை முன்னே விடாமல் தடுத்து, வரிகளின் சுழற்சியைக் குண்டுக்குக் கொடுக்கிறது. அது கிழிந்தால் குண்டு தன்னிஷ்டத்துக்குப் போகும்.

முதலில் ஐந்து வெடி சுடுங்கள். எல்லோரும் சுடுவதை நிறுத்தியதும் முன்னால் போய்த் துணிகளைப் பொறுக்குங்கள். புகைகிறதா என்று பார்த்து மிதித்து அணைத்துவிடுங்கள், காய்ந்த புல்லில் தீப்பிடிக்க ஒரு துணி போதும்.

அப்புறம் விரித்துப் பாருங்கள். நல்ல துணி என்றால் நடுவில் கரிபடிந்த வட்டம், அதைச் சுற்றி வரிமேடுகள் (வரிப்பள்ளங்களுக்கு நடுவே உள்ள மேடுகள்) அழுத்திய தடம், ஓரத்தில் கொஞ்சம் நூல் பிரிந்திருக்கும், அவ்வளவுதான். அதை எடுத்து இன்னொரு முறைகூடச் சுடலாம் போலிருக்கும்.

நடுவிலோ, குண்டு குழலைத் தொடும் விளிம்பிலோ கருகி ஓட்டை விழுந்திருந்தால் நெருப்பு துணியைத் தாண்டியிருக்கிறது. துணி மெலிது, அல்லது எண்ணெய்ப் பசை போதவில்லை, அல்லது மருந்து அதிகம். நான் முதலில் தடிமனைத்தான் கூட்டிப் பார்ப்பேன், 0.015 போய் 0.018. கெட்டிக்கக் கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருக்கும், பரவாயில்லை. பசை பூசி ரொம்ப நாள் வைத்த துணியும் நைந்து இப்படி ஓட்டையாகும் என்பதால் அன்றன்றைக்குப் பூசுவது நல்லது.

கருகாமல் கத்தியால் கீறியது போல வெட்டு இருந்தால் விஷயம் வேறு, அது கெட்டிக்கும்போதே நடந்திருக்கும். இதைச் சோதிக்க மருந்தே வேண்டாம். குழல் காலியா என்று கெட்டிக்கும் கோலை விட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். நீளமான துணியில் குண்டை வைத்து வாய்க்குச் சற்று உள்ளே மட்டும் தள்ளி, வெளியே தொங்கும் துணியைப் பிடித்து இழுங்கள். இப்போதே வெட்டு விழுந்திருந்தால் குழல்வாயின் விளிம்பு கூராக இருக்கிறது, அதைத் துப்பாக்கி வேலை தெரிந்தவரிடம் கொடுத்து மழுக்கச் சொல்லுங்கள். இங்கே சுத்தமாக வந்து, அடிவரை தள்ளி இழுதிருகால் (கோல் நுனியில் மாட்டி, குண்டில் திருகி இழுக்கும் திருகு) வெளியே எடுக்கும்போது மட்டும் வெட்டு தெரிந்தால் குற்றம் உள்ளே வரிமேடுகளில். புதுக் குழலில் இது சகஜம். மிக நுண்ணிய இரும்புப் பஞ்சைக் கோலில் சுற்றி நாற்பது ஐம்பது முறை மேலும் கீழும் ஓட்டினால் தணியும்.

துணி எது? பருத்தி அல்லது லினன், நெருக்கமான நெசவு. பாலியஸ்டர் கலந்தால் உருகிக் குழலில் ஒட்டும். புதுத் துணியில் கஞ்சி இருக்கும், துவைத்துக் காயவைத்துப் பிறகு வெட்டுங்கள். தடிமனை அளக்கும்போது காலிப்பரை நன்றாக அழுத்துங்கள், சும்மா தொட்டு அளந்தால் பொய் சொல்லும். பசைக்குத் தேன்மெழுகு, கொழுப்பு, தாவர எண்ணெய் சரிவரும். பெட்ரோலிய கிரீஸ் கரிமருந்தோடு, அதாவது இதில் போடும் கருப்பு வெடிமருந்தோடு, சேர்ந்து தார் மாதிரி இறுகிவிடும்.

துணியெல்லாம் நன்றாக இருந்தும் மூன்றாவது நான்காவது குண்டு விலகினால் குழலில் கரி சேர்ந்திருக்கிறது. ஒவ்வொரு வெடிக்கும் நடுவே ஈரத்துணி ஒருமுறை, உலர்துணி ஒருமுறை.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். துணியையும் மருந்தையும் சேர்த்து மாற்றிவிட்டு, எதனால் சரியானது என்று தெரியாமல் நான் முழித்திருக்கிறேன். இப்போதெல்லாம் சுட்ட துணியை நோட்டில் குத்தி, பக்கத்தில் தடிமன், பசை, மருந்து அளவு மூன்றையும் எழுதிவிடுகிறேன்; நோட்டு நாறும், வீட்டுக்குள் வைக்க விடமாட்டார்கள்.