"கேஸ் முடியட்டும், பிறகு பாப்பம்" என்று இருக்காதீர்கள்

இங்கிலாந்தில் அசைலம் கேட்டிருக்கும் எங்கள் ஆட்களிடம் "நித்திரை எப்படி?" என்று கேட்டுப் பாருங்கள். "சரியான யோசினை, அதுதான்" என்பார்கள். விசா வந்தால் யோசினை போய்விடும் என்று நம்பிக்கொண்டு, கேஸ் வருடக்கணக்கில் இழுபட, மனுசர் பாதியாகிவிடுவார். விசா கையில் வந்தபிறகு உடைந்துபோனவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆகவே மனநலத்துக்கு உதவி தேடுவதில் முதல் தவறு இந்தக் காத்திருப்புத்தான்.

பயம் இன்னொன்று. டொக்டரிடம் சொன்னால் 'விசர்' என்று எழுதி, கேஸைத் தீர்மானிக்கும் ஹோம் ஆபிஸுக்கு அனுப்பிவிடுவார்கள், கேஸ் பழுதாகிவிடும் என்று. நித்திரையில்லை, கெட்ட கனவு என்று ஜீபியிடம், அதாவது நீங்கள் பதிந்திருக்கும் குடும்ப டொக்டரிடம், சொல்வதை அவர் ஹோம் ஆபிஸுக்கு அனுப்புவதில்லை. சொல்லப்போனால் மறைப்பதுதான் கேஸுக்குக் கூடாது; ஊரில் தடுப்பில் நடந்ததைப் பற்றி ஒருவரிடமும் மூச்சுவிடாமல் இருந்துவிட்டு அப்பீலில் முதன்முதலாக வாய்திறந்தால், இவ்வளவு நாளும் ஏன் சொல்லவில்லை என்றுதான் கேட்பார்கள். ஜீபியில் பதிய பாஸ்போர்ட்டும் தேவையில்லை, விலாசத்துக்கு ஆதாரமும் தேவையில்லை. ரிசெப்ஷனில் கேட்டார்கள் என்று திரும்பி வந்துவிடாதீர்கள்.

பிள்ளையை மொழிபெயர்க்கக் கூட்டிப்போவது எனக்குப் பொறுக்கவே முடியாத தவறு. ஒரு தாயோடு போயிருந்தேன், நடுவில் பன்னிரண்டு வயது மகன். "வேற என்ன செய்யுது?" என்று டொக்டர் கேட்க, தாய் மகனைப் பார்த்தார், பிறகு நிலத்தைப் பார்த்தார், "தலையிடி எண்டு சொல்லு" என்றார். பரசிட்டமோலோடு வீட்டுக்கு வந்தோம். இன்டர்பிரெட்டர் இலவசம், டெலிபோனிலும் எடுத்துத் தருவார்கள். அப்பொயின்ட்மென்ட் எடுக்கும்போதே கேட்கவேண்டும், பொம்பிளை வேண்டுமென்றால் அதையும் சேர்த்து.

ஸ்ரீலங்கன் தமிழ் என்றும் சொல்லுங்கள். ஒருவர் "காம்பில வைச்சிருந்தவை" என்றதை இன்டர்பிரெட்டர் 'முகாமில் தங்கியிருந்தார்' என்று மாற்ற, டொக்டர் அகதி முகாம் என்று எழுதிக்கொண்டார். ஆமிக் காம்ப்! ஆள் சொன்னது சித்திரவதையை. ஊர்க்காரர், தெரிந்தவர் மொழிபெயர்க்க வந்தால் வேறு ஆளைக் கேட்பதும் தப்பில்லை, முகத்தாட்சண்யம் பார்க்கவேண்டாம்.

குளிசை பத்து நாள் போட்டு "ஒண்டும் செய்யேல்லை" என்று எறிவதும் நடக்கிறது. மனச்சோர்வுக்கான குளிசைகள் வேலை தொடங்கவே இரண்டு, நான்கு கிழமை பிடிக்கும். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றும், அந்தரமாக இருக்கும். அடுத்த அறைக்காரரின் நித்திரைக் குளிசையைக் கடன்வாங்குவது அதைவிட மோசம். காசுதான் பிரச்சினை என்றால் எச்.சி.2 (HC2) சான்றிதழ் இருக்கிறதா என்று பாருங்கள், அது இருந்தால் மருந்துக்குக் காசு கட்டத் தேவையில்லை. கோயிலும் சபையும் ஆறுதல்தான், ஆனால் குளிசையை நிறுத்தச் சொல்ல அவர்களுக்கு உரிமை இல்லை.

அப்புறம், ஒரு கதவை மட்டும் தட்டிவிட்டுக் குந்தியிருப்பது. அரச சுகாதார சேவையான என்எச்எஸ்ஸின் டோக்கிங் தெரபிஸுக்கு, அதாவது பேசிப் பேசித் தரும் சிகிச்சைக்கு, ஜீபி எழுதத் தேவையில்லை, நீங்களே பதியலாம். சித்திரவதை அனுபவித்தவர்களுக்கென்று 1985இல் ஹெலன் பாம்பர் தொடங்கியதுதான் இன்றைய ஃபிரீடம் ஃப்ரொம் டோர்ச்சர் என்ற அமைப்பு. அங்கே சிகிச்சை வேறு, கேஸுக்கான மருத்துவ அறிக்கை வேறு. அறிக்கை வேண்டுமென்றால் சொலிசிட்டரிடம் நேரத்தோடு சொல்லுங்கள், கடைசிக் கிழமையில் ஓடவேண்டாம். ஹோம் ஆபிஸ் வேறு ஊருக்கு மாற்றினால் புது ஜீபியில் உடனே பதிந்து, பழைய இடத்தில் எந்த வரிசையில் காத்திருந்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் திரும்பவும் அடியிலிருந்து தொடங்கவேண்டி வரலாம்.

சாகவேண்டும் போல் நினைப்பு வந்தால் இந்த வரிசை ஒன்றும் பார்க்கவேண்டாம். என்எச்எஸ் உதவி எண் 111 அடித்து, மனநல உதவிக்கு 2ஐ அமத்துங்கள், இரவு பகல் எப்போதும் ஆள் இருக்கும். ஏதும் செய்துவிடுவீர்கள் போலிருந்தால் 999. இங்கிலிஷ் வராவிட்டால் "தமிழ், தமிழ்" என்று சொன்னால் போதும், லைனை வைத்துவிடாதீர்கள், இன்டர்பிரெட்டரைப் பிடிக்கக் கொஞ்ச நேரம் எடுக்கும்.