வீட்டுக்குள் அடி விழுந்தால்: கொழும்புக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வாடகைக்கு வீடு எடுத்து வந்து இறங்கியதும் எல்லோரும் விசாரிப்பது பள்ளிக்கூடம், பஸ், மீன் கடை. வீட்டுக்குள் அடி விழுந்தால் எங்கே போவது என்று யாரும் விசாரிப்பதில்லை. ஊரிலென்றால் நாலு வீடு தள்ளிப் பெரியம்மா இருப்பார். இங்கே மாடி வீட்டில் எதிர்க் கதவுக்காரரின் பெயர்கூடத் தெரியாது. வாடகை ஒப்பந்தமும் கணவர் பெயரில். அதனால், போக வேண்டியவள் தான்தான் என்று பெண்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள்.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பித்தால், சேர்ந்து வாழும் வீட்டுக்குள் அடித்தவர் நுழையக் கூடாதென்று நீதவான் கட்டளையிடலாம். முதலில் 14 நாட்கள் வரைக்குமான இடைக்காலக் கட்டளை, விசாரணைக்குப் பிறகு 12 மாதங்கள் வரை பாதுகாப்புக் கட்டளை. அவசரச் செலவுக்குப் பணம் கொடுக்கும்படியும் நீதிமன்றம் சொல்லலாம். கணவர் மட்டுமல்ல, முன்னாள் கணவர், தாலி கட்டாமல் சேர்ந்து வாழ்பவர், மாமனார், மாமியாரும் இதற்குள் வருவார்கள். 'அவரை மறியலில் போட்டுவிடுவார்களே' என்று பலர் பின்வாங்குகிறார்கள். இந்தச் சட்டத்தின் கீழ், கட்டளையை மீறினால்தான் அந்தப் பேச்சு. அப்போது ஒரு வருடம் வரை சிறை உண்டு. இது விவாகரத்து வழக்கும் அல்ல.

விண்ணப்பத்தை நீங்களே கொடுக்கலாம். உங்களுக்காகப் பொலிஸாரும் கொடுக்கலாம். சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமில்லையென்றால் புதுக்கடை நீதிமன்றத் தொகுதியில் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

பொலிஸ் என்றதும் நம்மவருக்கு வயிறு கலங்கும். 2007 ஜூனில் விடுதிகளில் தங்கியிருந்த தமிழர்களை விடியற்காலையில் எழுப்பி பஸ்ஸில் ஏற்றி அனுப்பிய நகரம் இது. உச்ச நீதிமன்றம் தடுத்த பிறகே அது நின்றது. அந்தப் பயத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் முறைப்பாடு பதிவாகியிருப்பது பிறகு பல இடங்களில் கைகொடுக்கும்.

ஒருமுறை ஒரு தங்கையோடு பொலிஸ் நிலையம் ஒன்றுக்குத் துணைக்குப் போனேன். அவள் தமிழில் சொன்னாள், பொலிஸ் உத்தியோகத்தர் சிங்களத்தில் எழுதினார், கடைசியில் 'இங்கே கையெழுத்து' என்று விரலை வைத்தார். எனக்குத் தெரிந்த சிங்களத்தை வைத்து வாசித்தேன். 'படியில் தள்ளினார்' என்று அவள் சொன்னது 'படியில் விழுந்தாள்' என்று இருந்தது. வேண்டுமென்று எழுதினாரோ, விளங்காமல் எழுதினாரோ, தெரியாது. திருத்தச் சொன்னோம், முகம் சுளித்தபடி திருத்தினார். தமிழும் அரச கரும மொழிதான். வாக்குமூலத்தைத் தமிழில் எழுதக் கேளுங்கள். முடியாதென்றால், எழுதியதை அவர்கள் வாசித்து விளக்கும்வரை கையெழுத்திடாதீர்கள். முறைப்பாட்டு இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 'சமாதானமாகப் போங்கள் அம்மா' என்று அனுப்பப் பார்த்தால், பெண்கள், சிறுவர் பிரிவில் பேச வேண்டுமென்று நில்லுங்கள்.

காயம் இருந்தால் பொலிஸுக்கு முன்பே வைத்தியசாலைக்குப் போகலாம். தேசிய வைத்தியசாலையில் பொலிஸ் காவலரணும் உண்டு, சட்ட வைத்திய அதிகாரியும் உண்டு. அவருடைய அறிக்கை பின்னால் வழக்குக்குத் தேவைப்படும். 'நட்பு நிலையம்' என்ற பெயரில் அரச வைத்தியசாலைகள் பலவற்றில் ஒரு பிரிவு இயங்குகிறது. சிங்களத்தில் 'மித்துரு பியச'. இலவசமாக ஆலோசனை தருவார்கள். வாட்டில் இருக்கும்போதே தாதியிடம் கேளுங்கள்.

அன்றிரவே வெளியேற வேண்டியிருந்தால் பொலிஸ் அவசர இலக்கம் 119. பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, பிள்ளைகளுக்கு 1929. எடுத்ததும் 'தமிழ்' என்ற ஒரு சொல்லைச் சொல்லுங்கள். 1987இல் தொடங்கிய 'விமன் இன் நீட்' அமைப்பு ஆலோசனை, சட்ட உதவி, தற்காலிகத் தங்குமிடம் ஆகியவற்றுக்கு உதவுகிறது.

காப்பகத்தைப் பற்றிக் கொஞ்சம் வெளிப்படையாகச் சொல்கிறேன். முகவரியை வெளியே சொல்ல மாட்டார்கள். கைத்தொலைபேசிக்குக் கட்டுப்பாடு இருக்கலாம். வளர்ந்த ஆண் பிள்ளையைச் சேர்க்காத இடங்களும் உண்டு, ஆகவே போகுமுன் அதைக் கேளுங்கள். பதின்மூன்று வயது மகனை விட்டுவிட்டு வர மனமில்லாமல் திரும்பிப் போன அம்மாவை நான் அறிவேன். தங்கக் கிடைப்பதும் நிரந்தரமாக அல்ல. அந்த நாட்களுக்குள் பாதுகாப்புக் கட்டளை, 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் செலவுக்குப் பணம் கேட்கும் தாபரிப்பு வழக்கு, ஒரு வேலை என்று மூன்றையும் ஓட்ட வேண்டும்.

கணவன், மனைவி, பிள்ளைகள் என்று குடும்பமாகவே வீடிழந்தவர்களுக்குக் கதை இன்னும் இறுக்கமானது. எல்லோரையும் ஒன்றாக வைத்துக்கொள்ளும் இடம் கொழும்பில் அரிது. வெள்ளமோ தீயோ என்றால் அனர்த்த முகாமைத்துவ நிலையம், 117. வாடகை கட்ட முடியாமல் வெளியே வந்தவர்கள் கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடமும் போக வேண்டும். 'உங்கள் பதிவு யாழ்ப்பாணத்தில், அங்கே போங்கள்' என்று சொல்லக்கூடும். அதனால் வந்து குடியேறிய மாதமே கிராம உத்தியோகத்தரிடம் பதிந்துவிடுங்கள்.

இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று: அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், வங்கிப் புத்தகம். இவற்றின் பிரதிகளை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, வீட்டுக்கு வெளியே நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். இந்தியாவிலிருந்து மணமுடித்து வந்தவரென்றால் கடவுச்சீட்டை யாரிடமும் கொடுக்காதீர்கள், மாமியார் பத்திரமாக வைக்கிறேன் என்றாலும். எனக்குத் தெரிந்த ஒருவர் அந்த உறையைப் பிள்ளையின் டியூஷன் ஆசிரியையிடம் கொடுத்து வைத்திருந்தார். ஒன்பது மாதம் கழித்து, இரவு பதினொரு மணிக்கு, அதை வாங்கப் போனார்.