நூறு தரம் அளந்தாலும் ஒரே பிழைதான்

போன கிழமை திருகோணமலைக் கொட்டியாரக் குடாவில் பொடியள் சிலர் தாங்கள் செய்த தானியங்கிப் படகை இறக்கியிருந்தார்கள். மடிக்கணினியில் படகைச் சுற்றி ஒரு சின்ன வட்டம்: படகு இதற்குள்தான் இருக்கிறது என்ற கணிப்பு. "அண்ணை, இடம் 30 சென்ரிமீற்றருக்குள்ள தெரியுது" என்றான் ஒருவன். எனக்கு வயிறு கலங்கியது. அப்படியொரு வட்டத்தை நம்பித்தான் நான் ஒரு படகைப் பாழாக்கினேன். தானியங்கிப் படகு விடுபவர்கள் செய்யும் நான்கு பிழைகள் இவை.

சின்ன வட்டத்தை நம்புவது

எங்கள் படகில் இருந்தது சாதாரண ஜிபிஎஸ். ஏறக்குறைய 3 மீற்றர் பிழை, செக்கனுக்குப் பத்து வாசிப்பு. அவற்றைக் கல்மன் வடிகட்டி சேர்த்து இடத்தை மதிப்பிடும். 1960இல் ருடோல்ஃப் கல்மன் எழுதிய அந்தக் கணக்கில் குறையில்லை. அது கேட்கும் நிபந்தனையைத்தான் நான் கவனிக்கவில்லை: ஒவ்வொரு வாசிப்பின் பிழையும் மற்றதன் பிழையோடு தொடர்பில்லாமல் இருக்க வேண்டும். அப்படியானால் 100 வாசிப்பில் பிழை பத்திலொன்றாகும்; 3 மீற்றர் 30 சென்ரிமீற்றராகும்.

கோணேசர் மலையடியில் அது நடக்காது. பாறை பாதி வானத்தை மறைக்கிறது. செய்மதிச் சமிக்ஞை பாறையில் தெறித்துச் சுற்றி வருகிறது. வாசிப்புகள் எல்லாம் சேர்ந்து ஒரே பக்கம் விலகுகின்றன. ஒரே வதந்தியை நூறு பேர் சொன்னால் நூறு சாட்சியா? வடிகட்டி அப்படித்தான் எண்ணி வட்டத்தை இறுக்கியது. பாறைக்கு 2 மீற்றர் இடம்விட்டுப் பாதை போட்டது நிரல். வட்டத்தின்படி அது தாராளம். படகு போய் மோதியது. சுக்கான் முறிந்து, கணினிக்குள் உப்புத்தண்ணீர். பின்னால் வந்த வள்ளக்காரர்தான் இழுத்துவந்தார்.

இன்றும் எரிச்சல் தருவது, எச்சரிக்கை பதிவிலேயே இருந்தது என்பதுதான். எதிர்பார்த்த வாசிப்புக்கும் வந்த வாசிப்புக்கும் உள்ள வித்தியாசம் பூச்சியத்தைச் சுற்றி ஆட வேண்டும். எங்களுடையது தொடர்ந்து ஒரே பக்கம் சாய்ந்து கிடந்தது. முதலில் அதைப் பாருங்கள். பாறையோரத்தில் ஜிபிஎஸ் பிழை பெரியது என்று வடிகட்டிக்குச் சொல்லுங்கள். பாறைக்கான தூரத்தை நேரே அளக்கும் சோனார் ஒன்றையும் சேர்த்து, அந்த ஒரே பக்க விலகலையும் மதிப்பிட வேண்டிய ஒரு மாறியாக வடிகட்டிக்குள் வையுங்கள். எவ்வளவு தள்ளிப் போவது என்பதை அதன்பிறகு வரும் வட்டம் தீர்மானிக்கட்டும்.

பயணத்தின் ஒவ்வொரு கட்டத்துக்கும் 1% மோதல் ஆபத்து பரவாயில்லை என்பது

நூறு கட்டங்களின் ஆபத்தும் ஒன்றோடொன்று தொடர்பில்லாதது என்றால், ஒருமுறையாவது மோதும் வாய்ப்பு மொத்தம் 63%. ஆபத்து வரம்பைப் பயணம் முழுவதற்கும் சேர்த்து வையுங்கள்.

சந்தேகம் வந்தால் மோட்டரை நிறுத்துவது

தரையில் வண்டி நிற்கும். கடலில் வாடைக்காற்று படகைப் பாறைக்கே கொண்டுபோகும். எந்தக் கணத்திலும் வெளிக்கடல் பக்கம் விலகும் வழியொன்று திட்டத்தில் தயாராக இருக்க வேண்டும்.

சிமுலேஷனில் ஓடியதே என்பது

மாரி மழைக்குப் பிறகு மகாவலி கடலில் விழும் இடத்தில் ஓட்டிவிட்டு வாருங்கள்; அந்த நீரோட்டம் உங்கள் சிமுலேஷனில் இருந்ததா என்று தெரியும்.